விலங்கு தரும் அச்சமும் விலங்கின் அச்சமும்: ‘வைல்ட் பீஸ்ட்ஸ்’ ப்ளூ-ரே பதிப்பை முன்வைத்து

முன்னுரை

அச்சம் என்னும் மெய்ப்பாடு தோன்றும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. திகில் திரைப்படங்களுள் பெரும்பாலானவை இவற்றுள் முதல் மூன்றனுள் ஒன்றைச் சார்ந்தே இயங்குவன. 1970களிலும் 1980களிலும் இத்தாலியத் தயாரிப்பாளர்கள் உருவாக்கிய சூழலியல் திகில் படங்கள் விலங்கை முன்னிறுத்தின. ஆயின் அவ்விலங்கைச் சினமுறச் செய்தவன் மனிதனே என்னும் குற்றச்சாட்டையும் உடன்வைத்தன. இவ்வகையில் குறிப்பிடத்தக்கது பிராங்கோ புரோஸ்பெரி இயக்கி 1984இல் வெளிவந்த ‘வைல்ட் பீஸ்ட்ஸ்’. இதனை 2017இல் அமெரிக்காவின் செவரின் ஃபிலிம்ஸ் நிறுவனம் ப்ளூ-ரே வட்டாக வெளியிட்டது. இப்பதிப்பின் துணைகொண்டு, படம் எழுப்பும் அச்சம் யாருடையது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நீரும் நஞ்சும்

வட ஐரோப்பிய நகரமொன்றின் குடிநீரில் பென்சைக்ளிடின் என்னும் வேதிப்பொருள் கலந்துவிடுகிறது. அந்நீரைப் பருகிய விலங்குக்காட்சிசாலை உயிரினங்கள் வெறிகொண்டு நகருக்குள் புகுகின்றன. யானைகள் விமான ஓடுபாதையை மறிக்கின்றன. சிவிங்கி ஒன்று காரைத் துரத்துகிறது. சுரங்க ரயிலுக்குள் புலி நுழைகிறது. பள்ளியின் நடைவழியில் துருவக்கரடி திரிகிறது. இறுதியில் அதே நீரைப் பருகிய சிறுவர்களும் கொலைவெறி கொள்கின்றனர்.

பனிநிலத்து விலங்கும் வெப்பநிலத்து விலங்கும் ஒரே நகரில் திரிவதைத் திணைமயக்கம் எனக் காண இடமுண்டு. ஆனால் இம்மயக்கம் நஞ்சால் நேர்ந்ததன்று. தத்தமக்குரிய நிலத்தினின்று பெயர்த்து விலங்குகளைக் கூண்டுகளில் அடுக்கிய நாளிலேயே அது நிகழ்ந்துவிட்டது. நஞ்சு அதனைத் தெருவுக்குக் கொணர்கிறது, அவ்வளவே.

நஞ்சின் வரலாறும் ஈண்டு கருதத்தக்கது. பென்சைக்ளிடின் 1950களில் மயக்க மருந்தாக உருவாக்கப்பட்டது. மனிதர்க்கு அதனைப் பயன்படுத்துவது 1965இல் கைவிடப்பட்டது. பின்னர் கால்நடை மருத்துவத்தில் ‘செர்னிலான்’ என்னும் பெயரில் 1978 வரை விற்பனையில் இருந்தது. விலங்கை அடக்கக் கைக்கொண்ட மருந்தே விலங்கை வெறிகொள்ளச் செய்கிறது என்னும் முரண், இவ்வரலாற்றை அறிந்து காண்போர்க்குப் படத்தைக் கூர்மையாக்குகிறது.

எனினும் நஞ்சைக் கலந்தவர் யார் என்னும் வினாவிற்குப் படம் விடை தருவதில்லை. தொடக்கத்தில் ஊசிகளும் மாசுற்ற நீரும் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. குற்றம் நகரத்தார் அனைவர்மேலும் பரவலாக ஏற்றப்படுகிறது. அனைவரும் குற்றவாளிகள் எனும்போது எவரும் விடையளிக்க வேண்டியதில்லை. ஓவிடியோ அசோனிட்டிஸ் இயக்கிய ‘டென்டாகோலி’ (1977) மாபெரும் ஆக்டோபஸின் சீற்றத்திற்குக் கடலடிச் சுரங்கம் அமைக்கும் நிறுவனமொன்றைக் காரணமாகக் காட்டியது; அங்கும் தண்டனை விலங்கிற்கே கிடைத்தது. எனினும் பொறுப்பாளர் இன்னார் என்றேனும் சுட்டப்பட்டது. புரோஸ்பெரியின் படத்தில், நீரை ஆள்வோராகிய ‘இறை’ என்னும் நான்காம் களம் முற்றிலும் மறைந்துபோகிறது. படத்தின் பெருங்குறை இதுவே.

இயக்குநரின் நோக்கு

குவால்தியேரோ யாகோபெத்தி, பாவ்லோ கவாரா ஆகியோருடன் இணைந்து ‘மொண்டோ கானே’ (1962) என்னும் ஆவணப்படத்தை உருவாக்கியவர் புரோஸ்பெரி. யாகோபெத்தியுடன் அவர் எடுத்த ‘ஆப்பிரிக்கா அடியோ’ (1966) காட்டுயிர்கள் கொல்லப்படுவதை நீண்ட காட்சிகளாகப் பதிவு செய்தது. நிகழ்வதன் அருகே கேமராவைக் கொண்டு நிறுத்தும் அப்பழக்கம் இக்கதைப்படத்திலும் தொடர்கிறது. பொம்மைகளையும் தந்திரக் காட்சிகளையும் பெரிதும் நம்பாமல் உயிருள்ள விலங்குகளையே அவர் நடமாடவிடுகிறார். இரவு நேரச் சாலையில் சிவிங்கி ஓடும் காட்சியின் அழகும் விரைவும் இதனாலேயே வாய்த்தன. மனிதன் அமைத்த சாலை அக்காட்சியில் சில நொடிகள் சிவிங்கிக்குரிய வெளியாகிவிடுகிறது.

இம்முறையின் மறுபக்கம் எலிகள் தீயிலிடப்படும் காட்சியில் வெளிப்படுகிறது. தீயில் துள்ளும் அவற்றின் அசைவைப் பொம்மைகளின் அசைவாகக் கொள்ள இயலவில்லை. மனிதனின் பொறுப்பின்மையால் விலங்கு துன்புறுவதைக் கண்டிக்க வந்த படம், அத்துன்பத்தைத் தானே செய்து காட்டுகிறது. ஈண்டு அச்சத்தின் திசை மாறுகிறது. பார்வையாளர் கொள்ளும் அச்சம் நடிப்பால் தூண்டப்பட்டது; திரையில் பதிவாகியிருக்கும் விலங்கின் அச்சமோ நடிப்பன்று. அச்சத்திற்குக் களமாக வேண்டிய விலங்கு அச்சத்தை நுகரும் உயிராகிறது, மனிதனே களமாகிறான்.

பதிப்பும் உரையும்

திரையரங்கில் ஓடி மறைந்த காட்சியை வட்டு நிறுத்திக் காணவும் மீண்டும் காணவும் இடமளிக்கிறது. ஏட்டிலிருந்து அச்சேறிய நூலைப் போல, படம் ஆய்வுக்குரிய பாடமாகிறது. யானையின் தயக்கமும் குதிரையின் மிரட்சியும் தெளிவான பிம்பத்தில் முன்னினும் துலங்குகின்றன. இயக்குநர், தொகுப்பாளர் மாரியோ மோர்ரா, நடிகர் ஆகியோரின் நேர்காணல்களும் விலங்குப் பயிற்றுநர் குடும்பத்தாரின் நேர்காணலும் வட்டில் இடம்பெற்றுள்ளன. பயிற்றுநர் தரப்பையும் சேர்த்தமை பாராட்டத்தக்கது. விலங்குகளோடு பணிசெய்தோரின் குரல் திரைப்பட வரலாற்றில் அரிதாகவே பதிவாகிறது. ஆயின் இவர்கள் அனைவரும் படத்தை ஆக்கியோர் தரப்பினர். விலங்கின் சார்பில் பேசவல்ல கால்நடை மருத்துவரோ விலங்குநல அறிஞரோ உரையாசிரியராக அழைக்கப்படவில்லை.

இத்தகு காட்சிகளை நீக்கிவிடலாம் என்பாரும் உளர். பிரித்தானியாவில் 1937ஆம் ஆண்டுச் சட்டம், விலங்குகளைக் கொடுமைப்படுத்தி எடுக்கப்பட்ட காட்சிகளைப் பொதுவில் திரையிடுவதைத் தடைசெய்கிறது. புதிய படங்களில் அக்கொடுமை நிகழாதவாறு தடுக்க இது தேவையே. பழைய படத்தின் ஆவணப் பதிப்பில் நீக்கம் வேறு விளைவைத் தரும். கொடுமையோடு சேர்ந்து அதற்கான சான்றும் அழியும். எனவே பாடத்தை முழுமையாக வைத்து, அதன்மீது வலுவான உரை எழுதுவதே பதிப்பாசிரியரின் கடமையாகும்.

முடிவுரை

‘வைல்ட் பீஸ்ட்ஸ்’ நீரை நஞ்சாக்கிய மனிதனைக் குற்றம் சாட்டுகிறது. அக்குற்றத்திற்குப் பொறுப்பாளர் இன்னார் எனச் சுட்டாது விடுகிறது. தானும் ஒரு குற்றத்தைப் புரிகிறது. இம்மூன்றையும் ஒருங்கே காணும் வாய்ப்பை ப்ளூ-ரே பதிப்பு நல்கியுள்ளது. சூழலியல் திறனாய்வு ஒரு படைப்பு இயற்கையைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு நின்றுவிடாமல், அப்படைப்பு உருவாகும்போது இயற்கைக்கு என்ன செய்தது என்பதையும் வினவவேண்டும். அவ்வினாவை எழுப்பாத பதிப்பு, எத்துணைத் தெளிவான பிம்பத்தைத் தந்தாலும், உரையில்லா மூலமாகவே நிற்கும்.