கரிச்சானும் காட்டுயிரும்

புத்தகக் கண்காட்சிக்குப் போனால் என் கால் இப்போதெல்லாம் நேராக இயற்கை நூல்கள் இருக்கும் மேசைக்குத்தான் போகிறது. நாவல்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

என்னை இழுப்பவை சொற்கள். இயற்கை எழுத்தாளர் சு. தியடோர் பாஸ்கரன் 'வனவிலங்கு' என்று எழுதமாட்டார், 'காட்டுயிர்' என்பார். விலங்கு என்றதும் யானையும் புலியும்தான் மனசில் வரும். பறவை, பாம்பு, பட்டாம்பூச்சி எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். உயிர் என்றால் அத்தனையும் உள்ளே வந்துவிடுகின்றன. ஒரு சொல்லை மாற்றியதில் காடே பெரிதாகிவிட்டது! நடுகல், கல்வெட்டு பற்றியும் எழுதுகிறவர் என்பதால் அவருடைய காட்டில் வரலாறும் உலவும்.

இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்தவரும் அவரே. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கிருஷ்ணனுடையது அலட்டாத நடை.

ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய க்ரியா பதிப்பகத்தின் பறவைக் கையேட்டை வாங்கிவந்த வாரம், எங்கள் தெரு மின்கம்பியில் ஒரு கறுப்புக் குருவி. வால் மீன்வால்போல் பிளந்திருந்தது. சட்டென்று பாய்ந்து பூச்சியைப் பிடித்து, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. பாட்டி இதை 'ரெட்டைவால் குருவி' என்பாள். கரிச்சான் என்றும் பெயர். முப்பது வருஷமாகப் பார்த்தும் கவனிக்காத பறவை.

ஒரே குறை: தமிழில் வரும் இயற்கை நூல்கள் பலவற்றில் பின்பக்கப் பெயரடைவு இருப்பதில்லை. பதிப்பாளர்களே, அடுத்த பதிப்பிலாவது நாலு பக்கம் ஒதுக்குங்கள்.