டி. ஏ. மதுரம்: நகைச்சுவையும் உழைப்பும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றினை எழுதுவோர் டி. ஏ. மதுரத்தைப் பெரும்பாலும் 'கலைவாணரின் துணைவி' என்ற தொடருக்குள் அடக்கிவிடுகின்றனர். என். எஸ். கிருஷ்ணனின் சமூக நோக்குப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது, அது தகும். ஆனால் அந்நகைச்சுவை இருவரது உழைப்பின் விளைவு என்பது போதிய அழுத்தம் பெறவில்லை. அதனையே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

பாலர் நாடகக் கம்பனிகளில் பெண் வேடம் சிறுவர்க்குரியதாயிருந்தது. மேடையேறிய பெண்ணின் ஒழுக்கம் ஐயத்துக்குரியதாகக் கருதப்பட்டது. 1931 இல் பேசும்படம் வந்தபோது பெண்ணின் குரலே முதலாளிக்குத் தேவையான சரக்காயிற்று. நிலமானிய ஒழுக்கம் இழித்ததை முதலாளித்துவச் சந்தை விலைகொடுத்து வாங்கியது. இம்முரண்பாட்டினூடாகவே மதுரம் 1930களின் நடுப்பகுதியிற் திரைக்கு வந்தார். கிருஷ்ணனுடன் அவர் இணைந்தது 1936 இல் வெளிவந்த 'வசந்தசேனா' படப்பிடிப்பின்போதாகும்.

பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத அக்காலத்தில் நடிப்பவரே பாடவும் வேண்டியிருந்தது. மதுரத்தின் பாட்டு நடிப்பிலிருந்து பிரிக்கவியலாதது. அவ்விருவரின் பாடல்கள் பெரும்பாலும் வாக்குவாதங்கள். கேள்வியும் எதிர்க்கேள்வியுமாக நகர்பவை. கதைத்தலைவர்கள் வடமொழி கலந்த நடையிற் பேசிக்கொண்டிருந்த படங்களில் இவர்கள் தெருவின் மொழியைப் பேசினர். 1942 இன் 'கண்ணகி'யை எடுத்துக்கொள்வோம். பிரதான கதையில் கற்பு தெய்வநிலை அடைகின்றது. அதே படத்தின் நகைச்சுவைப் பகுதியில் கிருஷ்ணனும் மதுரமும் சாதாரண மாந்தராய் வந்து போகின்றனர். பொதுவாக இப்பகுதிகளில் மதுரத்தின் பெண் ஆணின் அசட்டுத்தனத்தைக் கண்டுகொள்பவள்; மடக்கிப் பேசத் தயங்காதவள். ஆயினும் இதனைப் புரட்சி எனக் கொள்ளல் மிகை. நகைச்சுவை கதைக்குப் புறம்பாய் இணைக்கப்பட்டதாகையால், அவளது வாதம் கதையின் போக்கினை அசைப்பதில்லை. சிரிப்பு அடங்கியதும் கற்புக்கரசியின் கதை தொடர்கின்றது.

மதுரத்தின் ஆற்றலை உரைத்துப் பார்த்த காலம் 1944 முதல் 1947 வரையிலானது. இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணனும் எம். கே. தியாகராஜ பாகவதரும் சிறைப்பட்டிருந்தனர். மேன்முறையீட்டுக்குப் பொருள் வேண்டும். தம்மை நம்பிய கலைஞர்க்கு வேலையும் வேண்டும். மதுரம் எஸ். வி. சகஸ்ரநாமத்துடன் சேர்ந்து என். எஸ். கே. நாடக சபாவை நடத்தினார். அச்சபாவின் 'பைத்தியக்காரன்' நாடகம் 1947 இல் கிருஷ்ணன் - பஞ்சுவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. விதவை மணத்தைப் பேசிய அப்படத்தில் மதுரம் இரட்டை வேடம் பூண்டார். கிருஷ்ணனும் அவ்வாண்டிலேயே விடுதலை பெற்றார். சபாவின் பெயரோ சிறையிலிருந்தவருடையது. அதனைத் தாங்கி நடத்தியவர் வெளியிலிருந்த பெண். வணிக நியாயம் இதற்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. வரலாற்றாசிரியனுக்கும் அதே நியாயம் போதுமா என்பதே வினா.

வரக்காப்பொலையைச் சூழ்ந்த றப்பர் தோட்டங்களை அறிந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. பால்வெட்டும் பெண்ணின் பெயர் செக்றோலில் இருக்கும். சம்பளத்தைச் சென்று பெறுபவன் கணவனாகவோ தகப்பனாகவோ இருப்பான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984 இலேதான் கிட்டிற்று. கலையிலும் இதுவே நிலை. காமன் கூத்தில் ரதியாக ஆடுபவன் ஆணே. தன் வேடத்தையே ஆணிடம் விட்டுவிட்டு லயத்து முற்றத்தில் நின்று பார்த்த பெண், தென்னிந்தியப் படங்கள் வழியாக, ஆணை எதிர்த்துப் பேசும் ஒரு பெண்ணைத் திரையிற் கண்டாள். அச்சிரிப்பின் வர்க்கப் பொருள் நகரத்து இரசிகனின் சிரிப்பினின்றும் வேறானது என்பது எமது கருத்து. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கிய காலமும் அதுவே.

1949 இன் 'நல்லதம்பி'யில், அண்ணாதுரையின் வசனத்தோடு, நகைச்சுவை நடிகரே கதாநாயகரானார். சீர்திருத்தக் குரல் ஓங்கியது. ஆனால் பிரசாரம் மிகுந்தவிடத்து ஆண் போதிப்பவனாகவும் பெண் கேட்பவளாகவும் அமையும் போக்குத் தலைதூக்குகின்றது. முன்னைய வாக்குவாதத்தின் சமநிலை குலைகின்றது. கலைவாணரின் முற்போக்கினைப் போற்றுவோர் கவனிக்கத் தவறிய இழப்பு இது.

1957 இல் கிருஷ்ணன் மறைந்தார். மதுரம் 1974 வரை வாழ்ந்தார். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் பற்றிக் கலைவாணர் வரலாறுகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளுடன் நின்றுவிடுகின்றன.