மொழிப் பொதுமைகளும் சாட்சிகளின் எண்ணிக்கையும்

1961 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்ற மாநாடொன்றில் ஜோசப் கிறீன்பேர்க் சமர்ப்பித்து, 1963 இல் நூலிலே இடம்பெற்ற கட்டுரை, இலக்கண ஒப்பாய்வுக்குப் புதியதொரு வழியை வகுத்தது. முப்பது மொழிகளை ஒப்புநோக்கி 45 பொதுமைகளை அவர் நிறுவினார். அவற்றுட் பல ‘எல்லா மொழிக்கும் இஃது உண்டு’ என்பன அல்ல. ‘இஃது இருப்பின் அதுவும் இருக்கும்’ என்னும் நிபந்தனை வடிவின. அவரது சாதனை இவ்வடிவிலேயே தங்கியுள்ளது எனலாம்.

‘கத்தியால் பழத்தை வெட்டினான்’ என்னும் வாக்கியத்தில் வினை இறுதியில் நிற்கிறது; உருபும் பெயரின் இறுதியில் நிற்கிறது. தமிழ் மாணவனுக்கு இஃது இயல்பாகவே தோன்றும். ஆயின், வினை முதலில் வரும் வேல்ஸ் மொழியில் உருபுநிலைச் சொல்லும் பெயருக்கு முன்னரே வருகிறது. இவ்விரு கூறுகளும் ஒன்றையொன்று தொடர்வது தற்செயலன்று என்பதே கிறீன்பேர்க்கின் வாதம்.

தற்செயலன்று எனக் காட்டுவதற்குச் சாட்சிகள் ஒருவரையொருவர் சாராதவராதல் வேண்டும். அவரது முப்பதில் கன்னடம், இந்தி, புருஷஸ்கி ஆகிய மூன்றும் தென்னாசியாவுக்கு உரியவை. வேறுவேறு குடும்பத்து மொழிகள் அயலுறவால் இலக்கணக் கூறுகளைப் பகிர்வதை எமனோ 1956 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். இதற்குச் சான்று தேடி ஈழத்தவர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ‘நான் வாசித்த புத்தகம்’ என்பதைச் சிங்களம் ‘மம கியவபு பொத’ என அதே ஒழுங்கிற் கூறும். இந்தியோடு இனமுடைய சிங்களம், இந்தியிற் பெருவழக்கான இணைப்புப் பெயரைக் கைவிட்டுப் பெயரெச்சம் போன்றதோர் அமைப்பைக் கையாள்கிறது. தமிழின் அயலுறவு இதற்கு ஒரு காரணமெனப் பலர் கொள்வர். அங்ஙனமாயின் இரு மொழிகளையும் இரு சாட்சியாக எண்ணுவது எங்ஙனம்? ஒருவர் கூறக் கேட்டு மற்றவர் கூறுவதை எந்த நீதிமன்றமும் தனிச்சாட்சியாகக் கொள்ளாது.

மத்தியூ டிரையர் 1992 இல் 625 மொழிகளை இனவாரியாகவும் நிலப்பரப்புவாரியாகவும் தொகுத்து எண்ணியது இக்குறையை நீக்கவே. உருபு பற்றிய பொதுமை அச்சோதனையில் நிலைத்தது. செயப்படுபொருள் வினைக்கு முன் வரின் பெயரடையும் பெயருக்கு முன் வரும் என்று 1970களில் லேமன், வெனமன் முதலியோர் வளர்த்த கருத்தோ வீழ்ந்தது. கிறீன்பேர்க்கின் பட்டியலிலிருந்த பர்மிய மொழியும் பாஸ்க்கும் அக்கருத்துக்கு முன்பே இடங்கொடுக்காதவை என்பது நோக்கற்பாலது. 2011 இல் மைக்கல் டன் முதலியோர், இத்தொடர்புகள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுகின்றன என்றனர். நான்கு குடும்பங்களை மட்டும் ஆராய்ந்து அவ்வளவு தூரம் செல்வது மிகை. வினா மட்டும் நியாயமானதே.

கிறீன்பேர்க்கின் முதலாம் பொதுமை, எழுவாய் ‘ஏறக்குறைய எப்பொழுதும்’ செயப்படுபொருளுக்கு முன் வரும் என்கிறது. அவரை மேற்கோள் காட்டியோர் பலர் ‘ஏறக்குறைய’ என்பதை விட்டுவிட்டனர். பிறேசிலின் அமேசன் பகுதியிலே சில நூற்றுவர் பேசும் ஹிக்ஸ்கர்யானா மொழியில் செயப்படுபொருள், வினை, எழுவாய் என்பதே வழமையான ஒழுங்கு என்று டெஸ்மன்ட் டார்பிஷயர் 1977 இல் காட்டியபோது திகைத்தவர்கள் அவர்களே.