கோடும் எழுத்தும் கூலியும்: சத்யஜித் ராயின் வரைகலைப் பணி பற்றிய ஒரு மதிப்பீடு

வயிற்றுப்பாட்டுக்காகக் கலைஞன் செய்த தொழிலை முதல் அத்தியாயத்திலேயே கூறி முடித்துவிட்டு, அவனது 'உண்மையான' கலைக்கு விரைந்து செல்வது வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலரின் வழக்கம். சத்யஜித் ராய் (1921–1992) பற்றிய எழுத்துக்களிலும் பெரும்பாலும் இதுவே நிகழ்ந்துள்ளது. 1943 முதல் 1956 வரை ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அவர் கல்கத்தாவின் விளம்பர நிறுவனமொன்றில் மாதச் சம்பளம் பெற்ற ஓவியராக இருந்தார் என்பது, 'பதேர் பாஞ்சாலி' என்ற திரைப்படத்துக்கு முன்னுரையாகச் சொல்லப்படும் ஒரு தகவலாகவே நின்றுவிடுகிறது.

இப்பிரிவினையின் பின்னால் ஒரு கொள்கை மறைந்துள்ளது. தூய கலை வேறு, வணிகக் கலை வேறு. முன்னது ஆன்மாவின் வெளிப்பாடு, பின்னது கைத்திறனின் விற்பனை என்பதே அது. முற்போக்கு விமர்சகருட் சிலரும் வேறொரு வழியால் இதே முடிவுக்கு வந்து சேர்வர். விளம்பரம் முதலாளித்துவத்தின் குரல். ஆதலின் விளம்பரத்துக்கு வரைந்தவனின் கோடு ஆராய்ச்சிக்குரியதன்று என்பர். இவ்விரு சாராரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு வடிவம் எதற்குப் பணிசெய்கிறது? அவ்வாறு பணிசெய்கையில் அது தன் பொருளை விளக்குகிறதா, அன்றி மறைக்கிறதா? ராயின் வரைகலைப் பணியை இக்கேள்வியின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

ராயின் குடும்ப வரலாறு வங்காளத்து அச்சுத்தொழிலின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி சிறுவர் இலக்கியகாரர், ஓவியர், இசையறிஞர். அவற்றோடு, தம் கதைகளுக்குத் தாம் வரைந்த படங்கள் அச்சிற் சிதைந்து வருவதைக் கண்டு பொறாது, ஹாஃப்டோன் புளொக் செய்யும் முறையைத் தாமே ஆராய்ந்து முன்னேற்றியவர். அவ்வாராய்ச்சிக் கட்டுரைகள் இங்கிலாந்தின் 'பென்றோஸ்' ஆண்டுமலரில் வெளிவந்தன. யூ. ராய் அன் சன்ஸ் என்ற அச்சகத்தை அவர் நிறுவினார். 1913இல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கினார். மகன் சுகுமார் ராய் 1911இல் இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை பயின்று திரும்பினார். அவர் 1923இல் இறந்தபோது சத்யஜித்துக்கு வயது இரண்டு. சில ஆண்டுகளில் அச்சகம் கடனில் மூழ்கிக் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று.

இதனைக் குடும்பத் துயரமாக மாத்திரம் கொள்ளலாகாது. எழுதுவதும் வரைவதும் புளொக் செய்வதும் அச்சிடுவதும் ஒரே கூரையின் கீழ் நடந்த வீடு அது. உற்பத்திச் சாதனம் தன் கையில் இருந்தமையால் உபேந்திரகிஷோர் எதை அச்சிடுவது, எவ்வாறு அச்சிடுவது என்பதைத் தாமே தீர்மானித்தார். பேரனுக்கு மரபாகக் கிடைத்தது திறனும் இரசனையுமே, சாதனம் கிடைக்கவில்லை. ஆகவே அவர் தம் கோட்டை இன்னொருவருக்கு விற்கவேண்டிய நிலைக்கு ஆளானார். அவரது பிற்காலப் பணிகள் பலவற்றிலே, சிதறிப்போன அவ்வீட்டை மீண்டும் கட்டும் முயற்சி தொடர்ந்து காணப்படுகிறது.

2

1940இல் சாந்திநிகேதனிற் சேர்ந்த ராய், நந்தலால் போஸிடமும் பினோத் பிஹாரி முகர்ஜியிடமும் ஓவியம் பயின்றார். ஓவியராக வேண்டும் என்பதன்று, விளம்பர ஓவியராகிப் பிழைக்கவேண்டும் என்பதே அவர் எண்ணம். எனினும் கீழைத்தேய ஓவிய மரபும் தூரிகை எழுத்தும் அங்குதான் அவர் கையிற் படிந்தன. பயிற்சியை முடிக்காமலே 1942இன் இறுதியில் வெளியேறி, அடுத்த ஆண்டு டி. ஜே. கீமர் என்ற பிரித்தானிய விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்திற் சேர்ந்தார்; பின்னர் அதன் கலை இயக்குநராக உயர்ந்தார்.

அந்த 1943ஆம் ஆண்டே வங்காளம் பஞ்சத்தில் வீழ்ந்த ஆண்டு. ஏறத்தாழ 30 இலட்சம் மக்கள் மாண்டனர் எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. கிராமங்களிலிருந்து வந்தோர் கல்கத்தாவின் நடைபாதைகளில் விழுந்து இறந்தனர். அதே நகரில் ஜைனுல் ஆபெதீன் என்ற இளம் ஓவியர், மலிவான தாளில் கறுப்பு மையினால் அவ்வுடல்களை வரைந்துகொண்டிருந்தார். கம்யூனிஸ்ட் கட்சி சார்ந்த ஓவியரான சித்தப்ரசாத், மிட்னபூர் மாவட்டத்திற் சுற்றித் திரிந்து கண்டவற்றை வரைந்தும் எழுதியும் 'பசித்த வங்காளம்' என்ற சிறுநூலாக வெளியிட்டார். அதன் பிரதிகளை ஆங்கில ஆட்சி கைப்பற்றி அழித்தது. ராயோ அவ்வேளை நுகர்பொருள்களுக்குப் படம் வரையப் பழகிக்கொண்டிருந்தார்.

இவ்வொப்பீட்டை நாம் தவிர்க்கக்கூடாது. பின்னாளில் மாமேதை எனப் பெயர்பெற்றார் என்பதற்காக, அன்றைய மௌனத்துக்கு விமர்சனம் விலக்களிக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மௌனத்தோடு விசாரணையை முடித்துவிடுவதும் முறையன்று. கீமரில் அவர் வரைந்த விளம்பரங்களிலே ஒரு சிக்கல் தெளிவாகப் புலப்படுகிறது. மலேரியாவுக்கான பலுட்ரின் மாத்திரை போன்ற பொருள்களுக்கு வரைகையில், மேல்நாட்டு மாதிரிகளைப் பிரதிசெய்யும் வழக்கத்தை விட்டு, வங்காள வீட்டையும் வங்காள முகத்தையும் உள்ளூர் அலங்கார மரபையும் அவர் கொண்டுவந்தார். இது வடிவத்தை மண்ணுக்கு மீட்ட செயல் என்பது உண்மை. அன்னியக் கம்பெனியின் பொருளுக்கு உள்ளூர் முகமூடி அளித்த செயல் என்பதும் உண்மையே. ஒரே கோடு இரண்டையும் செய்தது. தேசிய வடிவம் என்பது தன்னளவில் முற்போக்கானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

3

கீமரில் அவரோடு பணிபுரிந்த டி. கே. குப்தா தொடங்கிய சிக்னெற் பதிப்பகமே ராயின் கோட்டுக்கு வேறொரு எசமானைத் தந்தது. அந்த எசமான் நூல். நேருவின் 'இந்தியாவின் கண்டுபிடிப்பு' (1946), ஜீவனானந்த தாஸின் 'வனலதா சேன்', 'ரூபசி பங்களா' முதலிய பல நூல்களுக்கு அவர் அட்டை வரைந்தார். இவ்வட்டைகளை அலங்காரம் எனக் கொள்வது தவறு. இவை ஒரு வாசகனின் விமர்சனங்கள்.

இரண்டு உதாரணங்களை நோக்குவோம். ஜிம் கோர்பெற்றின் குமாவோன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூலின் வங்க மொழிபெயர்ப்புக்கு அவர் வேட்டைக்காரனையோ பாயும் புலியையோ வரையவில்லை. முன்னட்டையும் பின்னட்டையும் சேர்ந்து ஒரே புலித்தோலாகின்றன. ஒருபுறம் குண்டு நுழைந்த துளை; மறுபுறம் அது வெளியேறிய துளை; ஒன்று சிறிது, மற்றது பெரிது. நூலைக் கையில் எடுப்பவன், குண்டு சென்ற பாதை தான் வாசிக்கப்போகும் பக்கங்களினூடே செல்வதை உணர்கிறான். அசிந்த்ய குமார் சென்குப்தாவின் இராமகிருஷ்ணர் வரலாற்றுக்கோ, பக்தர்கள் தோளிற் போர்த்தும் நாமாவளித் துணியின் எழுத்தமைப்பையே அட்டையாக்கினார். மகானைப் பீடத்தில் ஏற்றுவதைவிட, மக்களின் அன்றாட வழிபாட்டுப் பொருளுக்குள் அவரை வைப்பது நூலின் தொனிக்கு நெருக்கமானது என அவர் கண்டிருக்க வேண்டும். இரண்டு அட்டைகளிலும் வடிவம் பொருளினின்று பிறக்கிறது. விளம்பரத்தில் வடிவம் பொருளின்மேற் போர்த்தப்பட்டது. கூலி இரண்டுக்கும் உண்டு. வேறுபாடு கூலியில் இல்லை.

விபூதிபூஷணின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு 1940களின் நடுப்பகுதியில் அவர் வரைந்த படங்களும் இவ்வகையினவே. மழையில் ஒடுங்கி நிற்கும் குழந்தைகளைக் கறுப்பு வெள்ளையிற் சிந்தித்த கைதான், பின்னர் அக்காட்சியைத் திரையில் அமைத்தது. அப்படத்துக்கு முறையான திரைக்கதைப் பிரதி இருக்கவில்லை. மைதோய்ந்த சித்திரங்களின் வரிசையே இருந்தது. விளம்பர நிறுவனத்தில் ஒரு பக்கத்தை எவ்வாறு பிரிப்பது, எதை விடுத்து எதைக் காட்டுவது என்று பழகிய சிக்கனம், பணமின்றி விடுமுறை நாட்களிற் படமெடுத்தவருக்குக் கலைநெறியாகவும் நடைமுறைத் தேவையாகவும் உதவியது.

ஆயினும் இப்பணியின் எல்லையையும் கூறவேண்டும். 1951ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர் அளவினரே. சிக்னெற்றின் அழகிய அட்டைகள் யாருக்காக வரையப்பட்டன என்பதற்கு இவ்வெண்ணே விடை. மத்தியதர வர்க்கத்தின் இரசனையை அவை உயர்த்தின. அவ்வர்க்கத்தின் எல்லையை அவை தாண்டவில்லை.

4

1956இல் கீமரை விட்டு நீங்கிய பின்னரும் ராய் வரைவதை விடவில்லை. 1961இல், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயவோடு சேர்ந்து 'சந்தேஷ்' சஞ்சிகையை மீண்டும் தொடங்கினார். பெலுதா, சங்கு முதலிய பாத்திரங்கள் அதன் பக்கங்களிற் பிறந்தவை. உலகப் புகழ் பெற்றபின் ஒருவர் சிறுவர் சஞ்சிகைக்குத் தலைப்பெழுத்தும் கோட்டுச் சித்திரமும் மாதந்தோறும் வரைந்துகொண்டிருந்தமை வெறும் பொழுதுபோக்கன்று. இழந்த அச்சக வீட்டின் ஒரு பகுதியை அவர் மீட்டுக்கொண்டார் என்பதே பொருத்தம்.

'எக்ஷண்' என்ற இலக்கிய ஏட்டின் அட்டைகளில், அதன் பெயரிலுள்ள மூன்று வங்க எழுத்துக்களையே இதழுக்கு இதழ் புதிதாக உருமாற்றினார். தம் படங்களுக்கான உடை, அரங்கு, பாத்திரத்தின் முகம், இசைக்குறிப்பு அனைத்தையும் கடைக்காரர் கணக்கெழுதும் சிவப்புத் துணியட்டைப் பேரேடுகளில் வரைந்து வைத்தார். அவர் அமைத்த றோமன் எழுத்துருக்களுள் 'ராய் றோமன்', 'ராய் பிஸார்' என்பன 1971இல் சர்வதேசப் போட்டியிற் பரிசு பெற்றன.

இங்கு ஒரு முரண்பாடு அவதானிக்கத்தக்கது. அச்செழுத்தாக உலகறிந்தவை அவரது றோமன் வடிவங்களே. வங்க எழுத்தில் அவர் செய்த சாதனை மிகப் பெரிது. எனினும் அது பெரும்பாலும் கையெழுத்தாகவே, ஒவ்வோர் அட்டைக்கும் சுவரொட்டிக்கும் தனித்தனியே வரையப்பட்டதாகவே நின்றது. சாதாரண அச்சகத்து எழுத்துக் கோப்பவனின் தட்டுக்கு அது சென்று சேரவில்லை. தனிமனிதத் திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும், உற்பத்தி முறையாக மாறாதவரை அத்தனிமனிதனோடு முடிந்துபோகும் என்பதை இது நினைவூட்டுகிறது. பாட்டனார் புளொக் முறையை ஆராய்ந்தார். பேரன் ஒப்பற்ற பிரதிகளைப் படைத்தார். இரண்டில் எது பெரிது என்று கேட்பது இங்கு நோக்கமன்று. அச்சகம் கைவிட்டுப் போனமை கலையின் இயல்பையே மாற்றிவிட்டது என்பதே கருத்து.

5

வரைகலைஞரின் கண் ராயின் திரைப்படங்களில் எங்கெங்கு தொழிற்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது. 'சாருலதா' (1964) கைக்குட்டையொன்றில் ஓர் எழுத்தைப் பின்னும் பெண்ணின் கைகளோடு தொடங்குகிறது. கணவனோ அதே வீட்டில் அச்சகம் வைத்து ஆங்கிலப் பத்திரிகை நடத்துகிறான். ஊசியால் எழுதும் அவளுக்கும் ஈய எழுத்தால் எழுதும் அவனுக்கும் இடையிலுள்ள தூரமே கதை. 'சீமாபத்த' (1971) அன்னியத் தொடர்புடைய மின்விசிறிக் கம்பெனியின் அதிகாரி ஒருவனைக் காட்டுகிறது. பழுதான ஏற்றுமதிப் பொருளால் தன் பதவிக்கு வரும் ஆபத்தைத் தவிர்க்கத் தொழிற்சாலையிற் கலவரத்தைத் திட்டமிட்டு உண்டாக்கி, கதவடைப்புக்கு அவன் வழிசெய்கிறான். அத்தகைய அலுவலகங்களின் உள்ளழகையும் உள்ளழுகலையும் பதின்மூன்றாண்டு அருகிருந்து பார்த்தவரால்தான் அப்படத்தை அத்துணை நுட்பமாக எடுக்க முடிந்தது.

இவற்றினும் முக்கியமானது 'அசனி சங்கேத்' (1973). முப்பது ஆண்டு கழித்து, 1943இன் பஞ்சத்துக்கு ராய் திரும்பினார், அதுவும் வண்ணத்தில். பசுமையான வயல், தெளிந்த நீர், ஒளிவீசும் வானம். பஞ்சத்தை இத்துணை அழகாகக் காட்டலாமா எனக் கண்டனம் எழுந்தது. அட்டை வரைந்த கை, பட்டினியையும் அலங்கரித்துவிட்டது என்பதே அக்கண்டனத்தின் சாரம். நியாயமான கண்டனம், ஆயினும் முழுமையானதன்று. 1943இல் வங்காளத்து மக்களைக் கொன்றது வெறும் விளைச்சற் குறைவன்று. போர், பதுக்கல், விலையேற்றம், ஆட்சியாளரின் அலட்சியம் என்பனவே அரிசியை ஏழையின் கைக்கு எட்டாததாக்கின. வயல் பசுமையாக இருக்க மனிதன் சாகிறான் என்ற வண்ண முரணே அப்படத்தின் அரசியல் வாதம். வறண்ட நிலத்தை அவர் காட்டியிருப்பின் குற்றம் இயற்கையின்மேல் விழுந்திருக்கும். இங்கே வண்ணம் பொருளை மறைக்கவில்லை, குற்றவாளியைச் சுட்டுகிறது. படத்தின் இறுதியில், வந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் நிழலுருக்கள் பெருந்திரளாகப் பெருகுகின்றன. வண்ணம் ஒழிந்து கறுப்பு உருவங்களே எஞ்சும் அக்கணத்தில், ஜைனுல் ஆபெதீனின் மைக்கோடுகளுக்கு ராய் மிக அருகில் வந்துவிடுகிறார். முப்பது ஆண்டுத் தாமதம் அதனால் இல்லாமற் போகவில்லை. ஆனால் அத்தாமதத்தின் பின் கிடைத்தது, அன்றைய சித்திரங்களில் இல்லாத ஒரு காரண விளக்கம்.

ஆகவே ராயின் வரைகலையைத் திரைப்படத்துக்கு ஏறிச்செல்லும் படிக்கட்டாகக் கொள்வது பொருந்தாது. மாத்திரைக்கும் நூலுக்கும் குழந்தைக்கும் பஞ்சத்துக்கும் பணிசெய்த ஒரே கை அது. எதற்குப் பணிசெய்தது என்பதற்கேற்ப அதன் தகுதி உயர்ந்தும் தாழ்ந்தும் வந்துள்ளது. தமிழ் விமர்சனம் நாவலையும் கவிதையையும் வர்க்க நோக்கில் ஆராயப் பழகியிருக்கிறது. அந்நூல்களின் அட்டையை வரைந்தவர் எவர், அவருக்குக் கிடைத்த கூலி என்ன, அவர் நூலை வாசித்தாரா என்ற கேள்விகளை நாம் அரிதாகவே கேட்கிறோம். நம் அச்சகங்களிலும் பதிப்பகங்களிலும் பெயரின்றி உழைத்த ஓவியர்களின் பணியைத் தேடித் தொகுக்கும் முயற்சி அக்கேள்விகளிலிருந்தே தொடங்கவேண்டும்.