நத்தைக்கூட்டில் குடித்தனம்: சிறு தொட்டியில் சிக்லிட் மீன்களை ரசிப்பது எப்படி?

காலியான நத்தை ஓடுகளுக்குள் குடியிருந்து, அங்கேயே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் சிறிய சிக்லிட் இனங்களே நத்தைக்கூட்டு மீன்கள். தமிழ்நாட்டுக் குளங்களில் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையும் கேரளத்துக் கரிமீனும் இதே குடும்பத்து உறவுகள்தாம். நத்தைக்கூட்டு மீன்களில் மிகச் சிறியது மல்டிஃபேசியாடஸ். இதில் ஆண் 4 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அரிது; பெண் அதைவிடச் சிறியது. இவற்றிடம் கண்ணைப் பறிக்கும் நிறமோ நீண்ட துடுப்போ கிடையாது. இவை செய்யும் குடித்தனம்தான் அழகு. அதைக் காணத் தொட்டியையும் பழக்க வேண்டும், பார்ப்பவர் கண்ணையும் பழக்க வேண்டும்.

இவற்றின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கனீக்கா ஏரி. ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளமும், மிக ஆழமான இடத்தில் 1,470 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த ஏரி தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளின் எல்லையில் கிடக்கிறது. நியோதாமா என்ற நத்தை இங்கு ஏராளம். ஏரியின் நீர் கடினமானது, காரத்தன்மை மிக்கது. அதனால் செத்த நத்தைகளின் ஓடுகள் கரையாமல் அடித்தளத்தில் குவிந்துவிடுகின்றன. ஒளிய ஒரு கல்கூட இல்லாத மணல்வெளியில் அந்த ஓடுகளே வீடாயின.

வங்காளத்தில் சமைத்து உண்ணும் குக்லி நத்தை இந்த நியோதாமாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கும் கார்டன் ரீச்சில் ஒருவர் இத்தொட்டியை அமைத்தால், மீன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தாலும் அதன் வீட்டுக்கு உறவு உள்ளூரிலேயே உண்டு.

பார்ப்பதற்கென்று கட்டுவது

விலங்குகளை அவற்றின் இயல்பான நடத்தைக்காகவே பார்த்து ரசிப்பதற்குக் கார்டன் ரீச்சில் ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. 1856இல் அவத் அரசை இழந்து கல்கத்தா வந்த வாஜித் அலி ஷா, இங்குள்ள மட்டியாபுர்ஜில் பெரிய விலங்குச்சாலை ஒன்றை அமைத்தார். 1887இல் அவர் இறந்ததும் இங்கேதான். சிறுவயதை அங்கு கழித்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் அந்த விலங்குச்சாலையில் இருந்த பாம்புக் குன்றை வர்ணித்திருக்கிறார். செயற்கைக் குன்றில் பாம்புகள் நுழைந்து வெளிவரத் துளைகள் இருந்தன. சுற்றிலும் நீர் நின்றது. அதில் விட்ட தவளைகளைப் பாம்புகள் துரத்துவதை மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பிராணிக்கு அதன் இடத்தைக் கொடுத்துவிட்டு மனிதர் விலகி நிற்பதுதான் அதன் தத்துவம். நத்தைக்கூட்டுத் தொட்டிக்கும் அதே தத்துவம் போதும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளும்; ஒரு மல்டிஃபேசியாடஸ் கூட்டத்துக்கு அது தாராளம். இவை தரையில் வாழும் மீன்கள் என்பதால் உயரத்தைவிட அடித்தளப் பரப்பே முக்கியம். நன்கு அலசிய மெல்லிய மணலை 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும். கூழாங்கல் உதவாது, மீனால் அதை வாயில் அள்ள முடியாது.

மீன் ஒன்றுக்கு இரண்டு மூன்று ஓடுகள் இருந்தால் சண்டை குறையும். வயல்நத்தையின் காலி ஓடுகள் வளர்ந்த மீன்களுக்கும், குக்லி ஓடுகள் இளசுகளுக்கும் ஏற்றவை. ஓடுகளைக் கொதிக்க வைத்து, உள்ளே சதை ஒட்டாதபடி கழுவி, சில நாள் வாளி நீரில் ஊறவிட வேண்டும். நாற்றம் வராவிட்டால் பயன்படுத்தலாம். நீரைச் சுத்தம் செய்ய ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்லது. அது குஞ்சுகளை உறிஞ்சாது.

நீரும் வெயிலும்

ஹூக்ளி நீரைச் சுத்திகரித்து தென் கொல்கத்தாவுக்கு வழங்கும் நிலையம் கார்டன் ரீச்சிலேயே இருக்கிறது. குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் கலக்காமல் தொட்டியில் ஊற்றக் கூடாது. தாங்கனீக்கா மீன்களுக்கு பி.எச். அளவு 8க்கு மேல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது ஆற்று நீரின் உப்புகள் நீர்த்துப்போகும். மணலோடு நொறுக்கிய கிளிஞ்சல் கலந்தால் அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும்.

24 முதல் 27 டிகிரி வெப்பம் இவற்றுக்கு உகந்தது. கொல்கத்தாவின் மே மாத வெயிலில் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். மேற்கு ஜன்னலைத் தவிர்த்து, நீர்ப்பரப்பின்மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் ஆவியாதலால் சூடு இறங்கும். ஜனவரியில் ஹீட்டர் தேவை.

தொட்டியை அமைத்ததும் மீன் விடக் கூடாது. கழிவிலிருந்து வரும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பாக்பஜாரில் ஞாயிறுதோறும் கூடும் கேலிஃப் தெருச் சந்தை அலங்கார மீன்களுக்குப் பெயர்பெற்றது. எங்கு வாங்கினாலும் ஆறு முதல் எட்டு இளம் மீன்களை ஒன்றாக வாங்கினால், அவை வளரும்போது தாமே ஜோடி சேரும். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கொண்டுவர தெர்மாகோல் பெட்டி வேண்டும்.

எதைப் பார்ப்பது?

முதல் வாரம் மீனே கண்ணில் படாது. தொட்டியிலிருந்து மூன்றடி தள்ளி, அசையாமல் பத்து நிமிடம் உட்கார வேண்டும். ஓர் ஓட்டின் வாயில் முதலில் இரண்டு கண்கள் தெரியும், பிறகு தலை, பிறகு மெல்லிய கோடுகள் போட்ட உடல். பல பட்டைகள் உடையது என்பதே மல்டிஃபேசியாடஸ் என்ற பெயரின் பொருள்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது மண்வேலை. மீன் வாய் நிறைய மணல் அள்ளி, ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்பிவிட்டுத் திரும்புகிறது. ஒரே மாலையில் பலமுறை இது நடக்கும். சில வாரங்களில் சமமாக இருந்த தரை கிண்ணம்போல் குழிந்து, நடுவில் ஓடுகள் கொத்தாக நிற்கும். ஓடுகளை அழகாக அடுக்கி வைப்பது வீண்வேலை, அலங்காரம் மீனுடையது.

இனத்துக்கு இனம் வழக்கம் மாறும். ஆசெலேட்டஸ் தன் ஓட்டை வாய் மட்டும் தெரியும்படி மணலில் புதைக்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய விரலையும் எதிர்த்து வரும். பிரெவிஸ் இனத்தில் ஆணும் பெண்ணும் ஒரே ஓட்டைப் பகிர்ந்துகொள்ளும். கலிப்டெரஸ் ஆண், ஓடுகளை வாயால் கவ்விச் சுமந்து தன் எல்லைக்குள் குவிக்கும். பெண்ணைவிட அது பன்னிரண்டு மடங்கு வரை கனமானது. அதற்குச் சிறு தொட்டி போதாது.

பெண் பல நாள் ஒரே ஓட்டின் வாயிலிலேயே நின்றால், உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் ஓட்டின் விளிம்பில் கடுகளவு குஞ்சுகள் எட்டிப் பார்க்கும். அப்போது ஆர்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலின் புதிதாகப் பொரிந்த குஞ்சுகளை உணவாகக் கொடுக்கலாம். மல்டிஃபேசியாடஸ் குஞ்சுகளைப் பெற்றோர் விரட்டுவதில்லை. கடுகளவு, அரிசியளவு, விரல்நக அளவு என மூன்று தலைமுறைகள் ஒரே முற்றத்தில் மேய்வதே இத்தொட்டியின் முழு அழகு.

வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். கூட்டம் பெருகும்போது வலை போடத் தேவையில்லை. ஆள் அருகில் வந்ததும் மீன் தன் ஓட்டுக்குள் பாயும்; ஓட்டின் வாயை நீருக்குள்ளேயே மேல்நோக்கித் திருப்பி எடுத்தால் உள்ளிருக்கும் நீரோடு மீனும் வரும். புதுத் தொட்டியின் நீருக்குள் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால் சற்று நேரத்தில் அதுவே வெளியே வரும். பிறகு அந்த ஓட்டையும் அங்கேயே மணலில் வைத்துவிட வேண்டும்.