பூவிருந்தவல்லியும் ‘கீது’வும்

ஊர்ப்பெயர்களுக்குக் காரணம் கற்பிக்கும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு வருவது. தலபுராணங்களில் ஒரு பகுதி அதனாலேயே வளர்ந்தது எனலாம். அவ்வழக்கத்தின் குணத்தையும் தோஷத்தையும் ஒருங்கே நிறுத்துப் பார்ப்பதற்குச் சென்னையின் மேற்குப் பக்கத்திலுள்ள ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களே போதும்.

ஆவடி என்பது கவச வாகனங்களையும் ராணுவக் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை என்று பலர் சாதிப்பர். 1955 ஜனவரியில், சோஷலிச பாணிச் சமுதாயமே இலக்கு என்று காங்கிரஸ் மகாசபை இவ்வூரில் தீர்மானித்தபோதே இப்பெயர் தேசமெங்கும் பிரசித்தமாகிவிட்டது. டாங்கித் தொழிற்சாலையோ 1960-களில்தான் எழுந்தது. அம்பத்தூரை ஐம்பத்தோராவது சக்தித் தலம் என்பாரது கூற்றில் ஒலிப்பிழை இல்லை, ‘ஐம்பது’ பேச்சில் ‘அம்பது’ ஆவது இயல்பே. ஆனால் எஞ்சிய அந்த ‘ஒன்று’ எங்கே போயிற்றென்ற கேள்விக்கு விடையில்லை.

பூவிருந்தவல்லியின் நிலை வேறு. இங்கு அவதரித்துக் காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பிகளின் மலர்க் கைங்கரியத்தை நினைந்து, இவ்வூரின் வழக்குப் பெயரான பூந்தமல்லியைப் பூத்த மல்லிகை என்று கொள்வது இனிய கற்பனையே. ஆயினும் பூவில் வீற்றிருந்த வல்லி, அதாவது திருமகள், என்னும் விளக்கமே இலக்கணத்துக்கு இசைகிறது. ‘இருந்த’ என்பதில் வினையடி தேய்ந்து ‘ந்த’ மட்டும் எஞ்ச, வகரம் மகரமாயிற்று.

வினையடியே தேயுமோ என்று ஐயுறுவார், அவ்வூர்ப் பேருந்து நிலையத்தில் சற்றே செவிசாய்த்தால் போதும். ‘பஸ் கீதா?’, ‘அவன் அங்க கீறான்’ என்னும் வாக்கியங்களில் இருக்கிறது, இருக்கிறான் என்பனவற்றின் ‘இரு’ அடியோடு மறைந்து, நிகழ்காலங் காட்டும் ‘கிறு’ என்னும் இடைநிலையே வினையாக அரசாளுகிறது. உட்காருதல் என்னும் பழம்பொருளை ‘இருக்கை’ என்ற சொல்லிலும் மலையாளத்து ‘இரிக்குக’ என்ற வினையிலும் இன்றும் காக்கும் ‘இரு’ என்னும் அவ்வினை, உளதாதல் என்னும் பொதுப்பொருளை ஏற்று ஓயாமல் வழங்கியதனாலேயே உருத் தேய்ந்தது போலும். கொச்சையென்று கற்றோர் இகழும் பிரயோகம், ஊர்ப்பெயரில் நிகழ்ந்த திரிபு இயலக்கூடியதே என்பதற்குச் சான்றாகிறது. முடிந்த நிரூபணமாகாது என்பதும் உண்மையே.

சொற்பொருளின் காரணம் எளிதில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்தது, காரணம் தேடாதே என்பதற்கன்று, விரைந்து தேடாதே என்பதற்கே எனக் கொள்ளலாம். பெயர்க்கதைகள் ஒரு நம்பியின் தொண்டை மக்கள் நினைவில் நிறுத்துவதால் சரித்திரத்துக்குப் பயன்படுவன. சொல்லின் பிறப்பை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மட்டும் அவற்றுக்குத் தரலாகாது. காலத்துக்கு முரணாமை, ஒலித்திரிபுக்கு இணையான வழக்கு, எஞ்சிய எழுத்துக்குக் கணக்கு ஆகிய மூன்றையும் கேட்ட பின்னரே ஒரு பெயர்க்காரணத்தை ஏற்பது தகும்.