லியர் பாடல்களின் நகை

ஆங்கிலப் பாடநூல்களிலே எட்வேட் லியரின் பாடல்கள் வருமிடத்து, அப்பக்கங்களை விரைந்து புரட்டிச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் என்னிடமும் இருந்தது. பொருளில்லாப் பாட்டிற்கு உரை கூறுதல் எங்ஙனம்? பரீட்சையில் அவைபற்றி வினா எழுதலும் அரிது. ஆயின், மாணவர் அப்பக்கங்களையே தாமாக நாடிப் படித்து நகைக்கக் கண்டபின், அந்நகை எத்தகையது என ஆராய விழைந்தேன்.

நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுக்கின்றது. லியரின் பாடல்கள் பிறநாட்டவை, பிற்காலத்தவை. எனினும் அவற்றை அளந்து பார்க்க இவ்வளவுகோல் நமக்கு உதவும்.

லியர் (1812–1888) தொழிலால் ஓவியர். பறவைகளையும் நிலக்காட்சிகளையும் வரைந்தவர். 1846 இல் விக்டோரியா மகாராணியாருக்குச் சித்திரம் பயிற்றியவர். டார்பிப் பிரபுவின் மாளிகையிற் பறவைகளை வரையச் சென்றவிடத்து அங்கிருந்த சிறுவர்க்காக அவர் இயற்றிய பாடல்கள் அதே ஆண்டில் நூலாயின. லிமெரிக் எனப் பின்னர் பெயர்பெற்ற அவ்வடிவம் கட்டுப்பாடு மிக்கது. ஐந்தடிகளுள் முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஓர் இயைபு பெறும். இடையிலுள்ள இரண்டும் குறுகி வேறோர் இயைபு பெறும். ஓசையிலும் இலக்கணத்திலும் வழுவில்லை. பொருள் மாத்திரமே கட்டவிழ்ந்து ஆடுகின்றது. அக்கட்டு உறுதியாயிருத்தலாலேயே ஆட்டம் இன்பந் தருகின்றது என்க.

இப்பாடல்களில் வரும் முதியோர் விசித்திரமானவர்கள். ஒருவர் தாடியிற் பறவைகள் கூடு கட்டுகின்றன. மற்றொருவர் அண்டங்காக்கையுடன் நடனமாடுகின்றார். அவர்களைச் சூழ, ‘அவர்கள்’ என்று மாத்திரம் சுட்டப்படும் கூட்டமொன்று அடிக்கடி வருகின்றது. அக்கூட்டம் வினவும், கடியும்; நடனமாடிய முதியவரை நொறுக்கியும் விடும். எள்ளுவோர் பாட்டினுள்ளேயே நிற்கின்றனர். படிக்கும் நாமோ முதியவர் பக்கம் சார்கின்றோம். எனவே இந்நகை எள்ளலிற் பிறந்ததன்று, இளமையிற் பிறந்தது. சிறுவயது முதலே தம் வலிப்பு நோயைப் பிறரறியாது மறைத்து வாழ்ந்த லியர், ஊரார் கண்ணுக்கு அஞ்சுதல் யாதென்பதை அறிந்திருந்தார்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். இந்தியாவிற் பயணஞ் செய்து, 1874 இன் இறுதியில் இலங்கைக்கும் வந்த லியர், அவ்வாண்டிலே ‘கமர்பண்ட்’ என்னும் பாட்டைப் பம்பாய்ப் பத்திரிகையொன்றில் வெளியிட்டார். அதில் ஒரு மங்கை தன் டோபியின்மேல் அமர்ந்திருக்கின்றாள். பங்காக்கள் அவள் அழகை வியந்து பேசிச் செல்கின்றன. இடைக்கச்சையாகிய கமர்பண்ட் கொடிய விலங்காகி அவளை விழுங்குகின்றது. இது நம்மவர் சொற்களை எள்ளியதாகாதோ? ஆகாதென்பதே என் துணிபு. டோபி ஆடை வெளுப்பவர் என்பதும், பங்கா காற்று வீசுவது என்பதும் அறியாதார்க்கு இப்பாட்டு வெறும் ஓசையே. அறிந்தார்க்கே நகை முழுமையாகக் கிட்டும். இங்கே லியர் மேற்கொண்டது அறிந்தே பூண்ட பேதைமை. புதிய நாட்டிற் சொல் விளங்காது திகைக்கும் தம்மவரையே அவர் நகையாடினார்.

ஆதலின், ஆசிரியராயினார் இப்பாடல்களுக்கு உரை தேடி இடர்ப்பட வேண்டா. வகுப்பில் வாய்விட்டுப் படித்தலே போதும். செவி ஓசையின் ஒழுங்கைக் கற்கும். உள்ளம், ஊரோடு ஒவ்வாத ஒருவரைக் கண்டால் கல்லெடுக்கும் முன் சற்றே தயங்கக் கற்கும். பரீட்சை கேளாத இப்பயனை மாணவர் என்னிலும் முந்தி உணர்ந்திருந்தனர்.